பதினொன்று நாற்பது ரயில்

இரண்டு அழைப்புகள்.
ஒன்று மாநகரத்திலிருந்து, கெட்டித் தாளில்;
தடவினால் பொன் முத்திரையின் மேடு
விரலுக்குத் தெரிகிறது.
மற்றது மின்னஞ்சல்.
என் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தார்கள்.

அப்பா மின்கட்டண உறையைத் திருப்பிப்போட்டு
நடுவே கோடு கிழித்தார்.
இடப்பக்கம் மாநகரம். வலப்பக்கம் ஹாலிஸ் ஃபோர்க்.
இடப்பக்கம் வழிந்து மடிப்பு வரை போயிற்று.
வலப்பக்கம் எழுதியது ஒன்றே:
கடன் இல்லை.
அதன் கீழே இரண்டு கோடு.
டுலுத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம்
கப்பலில் இரும்புத்தாது ஏற்றியவர்.
எவ்வளவு ஏற்றினால் எது முங்கும் என்று அவருக்குத் தெரியும்.

பிப்ரவரியில் போய்ப் பார்த்தேன்.
பேருந்து என்னைப் பெட்ரோல் பங்க் ஒன்றின் முன் இறக்கிவிட்டு
வந்த வேகத்தில் போய்விட்டது.
ஊருக்கு ஒரே சிக்னல்.
எந்தத் தேவாலயத்தையும் விட உயரமாக ஒரு தானியக் குதிர்.
பன்றி விலையும் கூடைப்பந்து ஸ்கோரும்
மாறி மாறி ஓடும் மின்பலகை.
பஸூன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.
துப்பாக்கியா என்று கேட்டான் ஒரு சிறுவன்,
மரியாதையோடு.

தூங்க சோஃபா தந்தவள் லெட்டி ப்ரூயிட்.
இரண்டாம் ஆண்டு, டிராம்போன்.
"இங்கே நல்ல ரொட்டி கிடைக்காது.
கச்சேரிக்குக் கறுப்பு உடை வேண்டுமென்றால்
ஒன்றரை மணி நேரம் காரோட்ட வேண்டும்.
இல்லையென்றால்
சவ அடக்கம் செய்கிறவரிடம் இரவல் வாங்கலாம்.
அவர் நம் கோரஸில் பாடுகிறார்."
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மாநகரத்தில் பஸூன் வாசிப்பவர்கள் பதினான்கு பேர்.
இசைக்குழுவில் நாற்காலி மூன்று.
மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.
"கேட்பார்கள்" என்றார் சேர்க்கை அலுவலர்,
அன்பாகத்தான்.
இங்கே என்னைச் சேர்த்து இரண்டு பேர்.
இன்னொருவனுக்கு ஜலதோஷம் பிடித்தால்
அஸ்திவாரம் முழுக்க என் தலையில்.
அது ஆசையா, பயமா?
ஊறிய சீவாளியின் இரண்டு தகடுபோல்
ஒட்டித்தான் கிடந்தன இரண்டும்.

இரவு, பயிற்சி அறை ஒன்பது.
ஹீட்டர் காற்றில்
என்னிடமிருந்த ஒரே நல்ல சீவாளி கீறிவிட்டது.
சரி, இந்த ஊர் எனக்கில்லை என்று
ஏறக்குறைய முடிவு செய்தேன்.

பதினொன்று நாற்பதுக்கு
பக்கத்து அறைப் பியானோ பாதி வரியில் நின்றது.
மேல்மாடிக் கிளாரினெட் நின்றது.
நான் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன், விவரம் தெரியாமல்.

சரக்கு ரயில்.
ஐந்து குழல், ஐந்து சுரம், ஒரே மூச்சு.
ஜன்னல் கண்ணாடி முதலில் கேட்டது,
அப்புறம் என் பல்.
கடக்கும்போது அந்தக் கூட்டுச்சுரம்
படி தவறியதுபோல் சரிந்து இறங்கியது.
இறங்கிய இடத்தில்
எங்கோ ஒரு டிராம்போன் அதைக் கையில் ஏந்திக்கொண்டது.
அடுத்து கிளாரினெட்.
அடுத்து ஒரு குரல், தொண்டை கட்டிய குரல்.
நடுவில் சுவர்கள். யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை.
கீறிய சீவாளியோடு
நான் அடியில் ஒரு சுரம் வைத்தேன்.
அது கனைத்தது. ஆனாலும் நின்றது.

ஒரு நிமிடம் இருக்கும்.
பிறகு பல் துலக்கி முடித்தவர்கள்போல
அவரவர் சாதகத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

இதை உறையில் எந்தப் பக்கம் எழுதுவது?
அப்பாவிடம் சொல்லவில்லை.
"கடன் இல்லை, அது போதும்" என்றேன்.
அவர் தலையாட்டினார்,
தன் கணக்கு ஜெயித்த சந்தோஷத்தில்.

ஏப்ரல் பதினைந்து, கடைசி நாள், மாலை ஐந்துக்குச்
சம்மதம் அனுப்பினேன்.
ஐந்தேகாலுக்கு வயிற்றைக் கலக்கியது.
மாநகரக் கடிதத்தைக் கிழிக்கவில்லை.
நாலாக மடித்துச்
சீவாளிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்,
ஆடாமல் இருக்க.
சில இரவுகளில் விரல்
அந்த மேட்டைத் தேடிப் போகும், தெரியும்.

மறுநாள் ஹாலிஸ் ஃபோர்க்கிலிருந்து பதில்.
வாழ்த்துகள், ஆகஸ்டில் சந்திப்போம்.
இந்த முறையும்
என் பெயரில் அதே எழுத்து இல்லை.